நாட்டு நாயும் நம் நாட்டமும்

தமிழர் வழக்கில் 'நாய்' என்னும் சொல் இருவேறு நிலையில் நிற்கின்றது. ஒருவரை இகழ வேண்டின் அச்சொல்லையே முதலில் எடுத்து வீசுகின்றோம். நன்றியென்னும் குணத்தைப் பிள்ளைகட்கு விளக்க வேண்டினும் அவ்வுயிரையே முதலிற் சுட்டுகின்றோம். இழிவுக்கும் உயர்வுக்கும் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொண்ட நாம், அவ்வுயிரை நேரே நோக்கி, 'இஃது எத்தகையது? இதற்கென அமைந்த இயல்பு யாது?' என்று வினாவியதுண்டோ? எம் வீட்டு நாய் ஒன்று கற்பிக்கும் வரை யாம் வினாவியதில்லை. கற்ற பாடம் சிறிது. கற்பித்த உயிர் பட்ட துன்பம் பெரிது. எம்மீதும் குற்றமுண்டாகலின், அதனை ஒளியாது கூறுதலே முறையென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

யாம் வாழ்வது திருவொற்றியூரில். தெற்கே இராயபுரமும் காசிமேட்டு மீன்பிடி துறைமுகமும், வடக்கே எண்ணூரும், மேற்கே மணலியின் ஆலைகளும் சூழ்ந்த இடம். 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் இரயில் இராயபுரத்தினின்று புறப்பட்டது. அன்று தொடங்கிய ஒலி இப்பகுதியில் இன்றளவும் ஓய்ந்ததில்லை என்னலாம். கண்டெய்னர் லாரிகள் இரவென்றும் பகலென்றும் பாராது வரிசையாய்ச் செல்லும். ஆலைச் சங்கு ஒருபால், இரயிலின் ஊதல் ஒருபால், கப்பலின் முழக்கம் ஒருபால். இத்தகைய இடத்தில் வாழ்வோர்க்குக் கண்ணினும் செவியே சிறந்த காவல். பின்னே வரும் லாரியை நாம் முதுகாற் காண்பதில்லை, செவியாற் காண்கின்றோம். இச்சிறு உண்மையை அன்பர்கள் நினைவிற் கொள்வாராக. பின்னர் இது வேண்டப்படும்.

எம் பாட்டனார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பிறந்தது கோவிற்பட்டியை அடுத்த ஒரு கரிசற் சிற்றூர். அவருடைய அன்னையார் மணமகளாய் அவ்வூருக்கு வந்தபோது, பாத்திரம் பண்டங்களோடு ஒரு கன்னி நாய்க்குட்டியும் வந்ததாம். கரிய உடல், கண்ணுக்கு மேலும் கால்களிலும் செம்மஞ்சள் நிறம், ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள். பெண்ணுக்குச் சீராக அளிக்கப்படுதலின் அவ்வினத்துக்குக் கன்னி என்னும் பெயர் வந்ததென்று அந்நாட்டார் கூறுவர். அதனை விலைக்கு விற்றல் இழிவு. உறவினர்க்கு அளித்தலே வழக்கு. பாட்டனார் எமக்குச் சொன்ன கதைகளிற் பாதி அந்நாயைப் பற்றியவை. அது பிறர் கையில் உண்ணாது. கரிசல் வெளியில் முயலைக் கண்டால் அம்பெனப் பாயும். காட்டு வேலை முடிந்து வரும் அன்னையாரின் காலடியை ஊர் எல்லையிலேயே அறிந்து எழுந்து நிற்கும். கடைசியாகச் சொன்னதை அவர் ஒவ்வொரு முறையும் தவறாது சொல்வார்.

நான்காண்டுகட்கு முன் எம் பாட்டியார் இறைவனடி சேர்ந்தார். பாட்டனார் பேச்சுக் குறைந்து திண்ணையிலே கடலை நோக்கி அமர்ந்திருக்கலானார். அவருக்குத் துணையாக நாட்டு நாய்க்குட்டி ஒன்று வாங்கித் தரலாம் என்று எந்தையார் இசைந்தார். கன்னி வேண்டுமென்பது பாட்டனார் விருப்பம். யாமோ இராசபாளையம் நாயே வேண்டுமென்று பிடிவாதம் செய்தோம். காரணம் வேறொன்றுமில்லை. 2005-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கினுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டுநாய், இராம்பூர் வேட்டை நாய், முதோல் வேட்டை நாய், இராசபாளையம் என்பன அவை. எம் பழைய அஞ்சல் தலைத் தொகுப்பில் அவ்வெண்ணிற நாயின் படத்தை இளமையிலேயே கண்டு மயங்கியிருந்தோம். பால்போன்ற உடல், இளஞ்சிவப்பு மூக்கு, அரசர்க்குரிய நிமிர்வு. அப்படத்தை வீட்டில் உயிரோடு காணவேண்டும் என்பதே எம் ஆசை.

முழங்கால் வலியால் பாட்டனார் எம்முடன் வர இயலவில்லை. புறப்படும்போது அவர் கூறியது இது: "ஐயா, நிறத்தைப் பாராதே, ஓட்டத்தைப் பார். குட்டிகளுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டு. எது முதலில் திரும்புகிறதோ அதைத் தூக்கி வா." கேட்டோம், தலையசைத்தோம், மறந்தோம்.

விற்பவர் வீட்டில் ஆறு குருளைகள் இருந்தன. ஐந்து தூய வெண்ணிறம். ஆறாவதன் ஒரு காதில் மட்டும் தேன் நிறத்தில் ஒரு திட்டு. அது எம்மைக் கண்டவுடன் ஓடிவந்து காற்சட்டையின் ஓரத்தைக் கடித்து இழுத்தது. விற்பவர் அதனைக் காலால் ஒதுக்கி, "அது கழிவு, பாதி விலைக்குக் கொடுப்பேன்" என்றார். வெண்குட்டிகளின் பெருமையையும் அவரே விளக்கினார். புள்ளி வராதிருத்தற் பொருட்டு, ஒரே ஈற்றில் உடன்பிறந்தவற்றையே இணைத்து ஈனச் செய்ததாகவும், அதனால் தூய்மை கெடவில்லை என்றும் மகிழ்வுடன் கூறினார். யாமும் மகிழ்ந்தோம். ஐந்தனுள் மிக வெண்மையானது எதுவோ அதனைத் தேர்ந்து, எந்தையார் கேட்ட விலையைக் கொடுக்க, நெஞ்சோடணைத்துக் கொணர்ந்தோம். முத்து என்று பெயரிட்டோம். பாட்டனார் அதனை மடியில் வாங்கி நெடுநேரம் தடவினார். "கையைத் தட்டினாயா?" என்று வினவினார். "தட்டினோம்" என்றோம். அது பொய்.

அப்பொய் வெளிப்பட இரண்டு திங்களாயிற்று. அது வருடப்பிறப்பு இரவு. நள்ளிரவில் துறைமுகத்து நிற்கும் கப்பல்கள் ஒருங்கே சங்கொலி எழுப்புவதும், அதனோடு ஆலயமணியும் வெடிகளும் கலப்பதும் எம் பகுதியில் வழக்கம். யாம் நள்ளிரவு ஆராதனைக்குச் சென்றிருந்தோம். பாட்டனார் முத்துவோடு வீட்டில் இருந்தார். யாம் மீண்டபோது தெருநாய்களெல்லாம் நடுங்கி வண்டிகளின் கீழே ஒடுங்கியிருந்தன. எம் வாயிலில் முத்து மல்லாந்து, நான்கு கால்களையும் விரித்து, இனிதே உறங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் பாட்டனார் ஒரு பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். எம்மைக் கண்டதும் ஒன்றும் பேசாது தாம்பாளத்தை ஓங்கித் தட்டினார். எம் செவி அதிர்ந்தது. முத்துவின் செவி அசையவில்லை. பின் காலால் தரையை ஒருமுறை உதைத்தார். முத்து திடுக்கிட்டு எழுந்து வாலை ஆட்டியது. "வருட வாழ்த்து, ஐயா" என்று மட்டும் கூறிப் பாட்டனார் எழுந்து உள்ளே சென்றார். அதனினும் கடுமையாக எம்மை எவரும் கடிந்ததில்லை.

மறுவாரம் வேப்பேரிக்குச் சென்றோம். 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேயுள்ளது. அதன் மருத்துவமனையில் முத்துவைச் சோதித்த மருத்துவர் முதலிற் செய்தது யாதெனின், அதன் பின்னே நின்று கையைத் தட்டியதே. பிறகு பொறுமையுடன் எமக்கு விளக்கினார். "தம்பி, நிறம் என்பது தோலுக்கு மட்டும் உரியதென்று எண்ணாதே" என்று தொடங்கினார்.

அவர் கூறியதன் சாரம் இது. நிறத்தை ஆக்கும் உயிரணுக்கள் கருவில் முதுகுத் தண்டின் பக்கத்தே தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. சில தோலுக்கும், சில மூக்குக்கும், சில உட்செவிக்கும் செல்லும். உட்செவிக்குச் சென்றவை அங்கு நிறம் காட்டுவதற்கு அல்ல. ஒலியை உணரும் நுண்ணணுக்களைச் சூழ்ந்த நீரின் உப்பு நிலையைக் காத்தற்கே. அவை அங்குச் சென்று சேராவிடின், பிறந்த சில வாரங்களில் உட்செவி தளர்ந்து, பின் ஒருபோதும் கேளாது. வெண்மையை மிகுவிக்க மிகுவிக்க, நிறமணுக்கள் செவியையும் எட்டாமற்போகும் இடர் மிகுகின்றது. நெருங்கிய இரத்தத்தில் மீண்டும் மீண்டும் இணைத்தால் அவ்விடர் பின்னும் பெருகும். வெண்ணாய் எல்லாம் செவிடென்பதன்று. நன்றாய்க் கேட்கும் வெண்ணாய்கள் பலவுள. ஆயின் இராசபாளையத்திலும், புள்ளி கொண்ட டால்மேசியன் என்னும் அயல்நாட்டு இனத்திலும் பிறவிச் செவிடு நெடுங்காலமாய் அறியப்பட்ட குறை. நீலக்கண் வெண்பூனைகள் பெரும்பாலும் செவிடாயிருத்தலைச் சார்லசு டார்வின் 1859-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலேயே குறித்திருக்கின்றார். ஆகவே புதிதாக ஒன்றும் நிகழவில்லை. அறிந்த குறையை அறியாதார் போல விற்றனர். அறிய முயலாது யாம் வாங்கினோம்.

அன்று முதல் முத்துவோடு கையாற் பேசலானோம். கையை உயர்த்தினால் அமர். நெஞ்சைத் தொட்டால் வா. தரையைத் தட்டினால் என்னைப் பார். பாட்டனாரே ஆசிரியர். அவர் திண்ணையில் அமர்ந்து கடலை நோக்குவதை விட்டு முத்துவை நோக்கலானார். இனித் தீங்கில்லை என்று யாம் நினைத்திருந்த ஒரு பகலில், எரிவாயு உருளை கொணர்ந்தவர் வாயிற்கதவைச் சாத்த மறந்தார். முத்து தெருவுக்கு ஓடி, தெருவினின்றும் பெருஞ்சாலைக்கு ஓடியது. பின்னே லாரி ஒன்று ஓயாது ஒலியெழுப்பி வந்தது. சாலையில் நின்ற மாடுகூட விலகிற்று, முத்து விலகவில்லை. சாலை நடுவே ஒரு காகிதத்தை முகர்ந்து நின்றது. பாட்டனார் தம் முழங்கால் வலியை மறந்து ஓடினார். ஓடியவர் இடறி வீழ்ந்தார். லாரி இருவர்க்கும் நாலடி முன்னே நின்றது. ஓட்டுநர் இறங்கிவந்து, உடல் நடுங்க, அவரைத் தூக்கி நிறுத்தினார். தொலைவிலிருந்தே ஒலியெழுப்பி வந்ததை மீண்டும் மீண்டும் கூறினார். பாட்டனாரின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. முத்து அவர் முகத்தை நக்கியது.

அந்தோ! அவ்விருவரையும் அச்சாலையில் நிறுத்தியது யார்? கதவைச் சாத்த மறந்தவரா? லாரி ஓட்டியவரா? விற்றவரா? யாம் பலநாள் இவ்வினாவோடு போராடினோம். விற்றவர் குற்றமுடையவரே. ஆயினும் அவர் ஏன் வெண்மையை வளர்த்தார்? வாங்குவார் வெண்மையைக் கேட்டதனால். கேட்டவர் யார்? யாமே. தேன் நிறத் திட்டு ஒன்றினைக் குறையெனக் கண்ட கண் எம்முடையது.

நிற்க. நம் நாட்டு நாயினங்களைக் காக்கவேண்டும் என்னும் குரல் இக்காலத்தே ஓங்கி எழுகின்றது. அது நல்ல குரலே. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாய் நெடிய கால்களோடு வெயிலிற் சளைக்காது ஓடுவது. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் செந்நிறமும் கருவாயும் உடையது, காவலிற் சிறந்தது. கன்னியைப் பற்றி முன்னரே கூறினோம். இராசபாளையமோ பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்றது. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் வெயிலிலும் ஒரு தொழிலின் தேவையிலும் பல தலைமுறையாய் உருவாகியது. அயல்நாட்டு நாய்களே பெருமை தருமென்று நம்மவர் மயங்கிய காலத்தில் இவை அருகின. அதனையுணர்ந்த தமிழ்நாட்டு அரசின் கால்நடைத் துறை 1980-81-இல் சென்னைச் சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களைப் பெருக்க ஒரு நிலையம் அமைத்தது. அரியானா மாநிலத்துக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் 2020-ஆம் ஆண்டையொட்டி இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கருநாடகத்து முதோல் நாயோடு இந்திய இனங்களாகப் பதிவு செய்தது. இவையெல்லாம் மகிழத்தக்கன.

ஆயின் ஓர் இடர் உண்டு. மதிப்பிழந்த இனம் கவனிப்பாரின்றி அழியும்; மதிப்புற்ற இனம் தவறாகக் கவனிக்கப்பட்டு அழியும். முன்னாளில் வேட்டைக்காரர் நிறத்தைப் பார்த்து நாயை வைத்துக்கொள்ளவில்லை. செவி கேளாத நாய் காட்டில் ஒருநாளும் பயன்படாது. ஓட இயலாத நாய் ஈனுதற்கு நிறுத்தப்படாது. தொழிலே அவற்றைத் தேர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாயிற்று. அச்சட்டம் வேண்டியதே, முயலும் இறைவன் படைப்பன்றோ? ஆனால் தொழில் நீங்கியவுடன் தேர்வு செய்யும் இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தது. அது நம் கண். ஓட்டம் தேர்ந்த இடத்தில் நிறம் தேர்கின்றது. மோப்பம் தேர்ந்த இடத்தில் படம் தேர்கின்றது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. காசிமேட்டில் வலையைப் பிரிக்கும் இடங்களில் பூனைகளைக் காணாத நாளில்லை. அவற்றின் வடிவை எவரும் வகுக்கவில்லை. மீனும் எலியும் கடற்காற்றுமே வகுத்தன. இவ்வங்கக் கடலுக்கு அப்பால், பண்டு சயாம் எனப்பட்ட தாய்லாந்தில், இவைபோல் இயல்பாய் வளர்ந்த பூனையினம் ஒன்றுண்டு. வெளிர் உடலும் கரிய முகமும் காதும் காலும் வாலும் நீலக்கண்ணும் உடைய அதனை அந்நாட்டார் 'விச்சியன்மாட்' என்பர். நற்பேறு தரும் பூனைகளை வகுத்துப் படத்தோடு பாடிய ஏட்டுச் சுவடிகள் அவர்களிடம் உள; அவற்றில் இதுவும் ஒன்று. இதன் நிறமும் ஒரு விந்தை. இதன் நிறமாக்கும் பொருள் உடல் வெம்மையில் தொழிற்படாது. குளிர்ந்த உறுப்புகளில் மட்டும் தொழிற்படும். ஆதலின் தாயின் வெம்மையான கருப்பையினின்று வெண்ணிறமாய்ப் பிறக்கும் குட்டி, பின்னர்க் காதும் வாலும் கறுக்கும். இங்கு நிறமணுக்கள் உரிய இடங்களுக்குச் சென்றிருக்கின்றன. அவற்றின் தொழில் மட்டுமே வெம்மையால் தடைப்படுகின்றது. ஆகவே முத்துவுக்கு நேர்ந்த செவிட்டுக் குறை இப்பூனைக்கு நேர்வதில்லை.

1871-ஆம் ஆண்டில் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பூனைக் காட்சியில் இவ்வினம் மேனாட்டார் கண்ணிற் பட்டது. 1884-ஆம் ஆண்டில் பாங்காக்கிலிருந்த ஆங்கிலத் தூதரக அதிகாரி ஒருவர் ஓரிணையைத் தம் தமக்கைக்கு அனுப்பினார். அக்காலத்துப் பூனை உருண்ட தலையும் அளவான உடலும் உடையது. காட்சிகளிற் பரிசு பெறும் வேட்கை வளர வளர, நடுவர் நீண்ட முகத்தைப் புகழ்ந்தனர். வளர்ப்போர் மேலும் நீட்டினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் முகம் ஆப்புப்போல் ஒடுங்கி, உடல் குழல்போல் மெலிந்து, சயாமியர் தம் பூனையென்று அறிய ஒண்ணாத நிலை வந்தது. அப்போது சிலர் விழித்தனர். பழைய வடிவைக் கைவிடாத குடும்பங்களிலிருந்தும், தாய்லாந்திலிருந்தே கொணர்ந்த பூனைகளிலிருந்தும் இயற்கை வடிவை மீட்டனர். 'தாய்' என்னும் பெயரோடு அது அனைத்துலகப் பூனைச் சங்கம் ஒன்றனால் 2010-இல் போட்டிக்குரிய தனி இனமாக ஏற்கப்பட்டது. தான் பிறந்த நாட்டில் மாறாதிருந்ததற்கு அயல்நாட்டிற் புதுப்பெயர் வேண்டியதாயிற்று! ஆயினும் அவர்கள் மீட்டது நற்செயல். அவர்கட்கு மீட்கத் தாயகத்தில் பூனைகள் எஞ்சியிருந்தன. நம் நாய்களைக் கெடுத்தபின் நாம் எந்நாட்டிற்குச் சென்று மீட்போம்?

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் தொல்காப்பிய மரபியலைப் பாடங்கேட்டபோது எமக்கு ஒன்று தோன்றிற்று. உயிர்களின் இளமைப் பெயர்களை அவ்வியல் வரையறுத்துக் கூறுகின்றது. நாயின் இளமைப் பெயர் குருளை என்பது அங்குள்ளது. இற்றைநாள் அறிவியலாரோ பெற்றோரின் குணம் பிள்ளைக்கு வரும் வகையை ஆராயும் கலைக்கு மரபியல் என்றே பெயர் வைத்துள்ளனர். முன்னது சொல்லின் மரபு. பின்னது இரத்தத்தின் மரபு. இரண்டிற்கும் ஒரு பொதுமை உண்டு. மரபு என்பது முன்னோரிடமிருந்து பெற்றதை அடுத்தவரிடம் கெடாது சேர்ப்பது. சொல்லின் ஒலியை மட்டும் காத்துப் பொருளை இழந்தால் அது மரபாகுமோ? அங்ஙனமே நாயின் நிறத்தை மட்டும் காத்துச் செவியை இழந்தால் அது இனக்காவல் ஆகாது. ஆதாம் உயிர்கட்கெல்லாம் பெயரிட்டான் என்று திருமறையிற் படிக்கின்றோம். பெயரிடும் உரிமை மனிதனுக்குத் தரப்பட்டது. படைத்தவன் அமைத்ததைச் சிதைக்கும் உரிமை எங்கும் தரப்படவில்லை.

இவ்வெண்ணங்கள் எம் உள்ளத்தில் இருந்தன. ஆயினும் அவற்றைச் சோதிக்கும் நாள் ஒன்று வந்தது. சென்ற ஆண்டில் ஒருவர் எம் வீடு தேடி வந்தார். முத்துவைச் சாலையில் கண்டாராம். ஒரு புள்ளியும் இல்லாத அதன் வெண்மையை வியந்து, தம் பெண் நாயோடு இணைக்க இசைந்தால் எம் கல்லூரிப் பருவக் கட்டணத்திற்குச் சற்றேறக்குறைய நிகரான தொகை தருவதாகக் கூறினார். பாட்டனாரின் கைமுறிவுக்குச் செலவிட்ட கடன் அப்போதும் தீரவில்லை. எந்தையார் பேசாது நின்றார். அவர் பேசாது நின்றதன் பொருள் எமக்குத் தெரியும். பாட்டனார், "இது செவிடு" என்றார். வந்தவர் சிரித்து, "செவிடு வெளியே தெரியாது பெரியவரே, வெள்ளைதான் தெரியும்" என்றார்.

பாட்டனார் எம் பக்கம் திரும்பினார். "நீதான் இதைத் தேர்ந்து வந்தாய், ஐயா. நீயே சொல்" என்றார்.

முத்து எம் காலடியில் எம் முகத்தையே நோக்கி நின்றது. ஒலியை அறியாத அதற்கு முகமே மொழி. வேண்டாமென்றோம். குரல் உரத்து வரவில்லை. வந்தவர்க்குக் கேளாதோ என்றஞ்சிக் கையாலும் காட்டினோம். எந்தையார் பெருமூச்சு விட்டு வந்தவரை வாயில்வரை கொண்டுவிட்டார். அன்றிரவு அவர் எம்மைக் கடியவில்லை. சில நாள் கழித்து முத்துவை வேப்பேரிக்கு அழைத்துச் சென்று, அது இனி ஈன்விக்காதபடி அறுவை செய்வித்ததும் அவரே. அக்கடன் பின்னும் ஆறு திங்கள் நீடித்தது.

அக்காலத்திலேயே எமக்கு மற்றொரு செய்தி கிடைத்தது. கழிவென்று ஒதுக்கப்பட்ட அந்தத் தேன்காதுக் குருளையை எவரும் விலைகொடுத்து வாங்காமையின், மீஞ்சூருக்கு அப்பால் ஒரு தோப்புக்காரர்க்கு இனாமாகக் கொடுத்துவிட்டனராம். பாட்டனாரை அழைத்துக்கொண்டு பார்க்கச் சென்றோம். வேலியை அணுக இன்னும் நெடுந்தூரம் இருந்தது. தோப்பின் நடுவே படுத்திருந்த நாய் ஒன்று தலையை நிமிர்த்தது, தேன் நிறத் திட்டுள்ள காது எம் காலடிப் பக்கம் திரும்பியது, எழுந்து நின்றது. முத்துவைப் போன்ற அதே நெற்றி, அதே நிமிர்வு. பாட்டனார் வேலியோரம் நின்று அதனை வெகுநேரம் நோக்கினார். பிறகு, "அம்மா வீட்டு நாயும் இப்படித்தான் எழுந்து நிற்கும்" என்றார். யாம் ஒன்றும் கூறவில்லை. கூறத் தக்கது ஒன்றும் எம்மிடம் இல்லை.

அன்பர்களே! நாட்டு நாய் வளர்க்க விரும்புவோர் நம் கல்லூரியிலும் பலருளர். வளர்மின்; அது நன்றே. ஆயின் வாங்கச் செல்லும்போது தாயையும் தந்தையையும் காட்டுமாறு கேளுங்கள். அவை உடன்பிறந்தவையா என்று கேளுங்கள். ஓட விடுங்கள். பின்னே நின்று கையைத் தட்டுங்கள். நிறத்தில் ஒரு திட்டு இருப்பின் அதனைப் பிழையென்று தள்ளாதீர். விற்பவர் பலர்க்கும் நாம் கேட்பதே சட்டம். நாம் செவியைக் கேட்டால் அவர் செவியுள்ளதைப் பெருக்குவர். நிறத்தைக் கேட்டால் நிறத்தையே பெருக்குவர். குறையுள்ளதை ஈன்ற பின் தெருவில் விடுதலும் கொல்லுதலும் இனக்காவல் அல்ல. அதனை வாழ்நாள் முழுதும் அன்போடு காத்து, அக்குறை அடுத்த தலைமுறைக்குச் செல்லாது நிறுத்துதலே இனக்காவல்.

இதனை எழுதும் இவ்வேளையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் முழங்குகின்றன. முத்து திண்ணையில் பாட்டனாரின் காலின்மேல் தலைவைத்து உறங்குகின்றது. அவர் எழ விரும்பும்போது காலை மெல்ல அசைப்பார். அது விழித்து அவர் முகத்தை நோக்கும். முறிந்து கூடிய அந்த வலக்கையால் அவர் தம் நெஞ்சைத் தொடுவார். அது எழுந்து செல்லும்.